ஒட்டகக் குட்டிக்குக் கோல்டு பிளான்

மச்சினன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பும் கையுமாக வந்து நின்றான். ஊரில் உள்ள கடை கண்ணி, பட்டறை, கிளினிக், டியூஷன் சென்டர் எல்லாவற்றையும் சேர்த்து இணையத்தில் ஒரு வணிக டைரக்டரி செய்திருக்கிறானாம். தளம் தயார். பெயர் தயார். சர்வருக்கு எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. பாக்கி ஒன்றே ஒன்று.

"அத்தான், மூணு பிளான் போடணும். சில்வர், கோல்டு, டயமண்டு. மாசத்துக்கு எவ்வளவு, வருஷத்துக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க. நீங்கதான் நிறைய படிக்கிறவராச்சே."

நிறையப் படிக்கிறவனிடம் போய் விலை கேட்பது பட்டினத்தாரிடம் போய் வட்டி விகிதம் கேட்பது மாதிரி. ஆனால் தட்டில் இட்லி வந்துவிட்டது. அவன் எழுந்து ஓட முடியாது. இதைவிட நல்ல சபை எனக்கு எப்போது கிடைக்கும்?

"முதல்ல இதைச் சொல்லு. யார்கிட்ட காசு வாங்கப் போறே?"

"கடைக்காரங்ககிட்டதான். வேற யார்கிட்ட?"

"தேடுறவன்கிட்ட ஏன் வாங்கக் கூடாது?"

கோவில் வாசலில் செருப்பைத் தொலைத்தவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியாது, இந்த ஒரு கேள்வியில் நானூறு வருஷமாக ஆட்கள் சொத்து சேர்த்திருக்கிறார்கள், கோர்ட்டு ஏறியிருக்கிறார்கள், அவமானப்பட்டிருக்கிறார்கள். சொன்னேன். எட்டு இட்லி நேரம் ஆயிற்று.

கதை பிரான்ஸில் ஆரம்பிக்கிறது. 1580இல் மோன்தேன் என்ற பெரிய மனிதர் ஒரு கட்டுரைப் புத்தகம் போட்டார். கட்டுரை என்ற சமாசாரத்தையே ஆரம்பித்துவைத்தவர் அவர்தான் என்கிறார்கள். ஆகவே இது உங்களுக்கு அறுவையாக இருந்தால் முதல் புகாரை அவர் பெயருக்கு அனுப்பவும். அதில் ஒரு சின்னக் கட்டுரையில் தன் அப்பாவின் யோசனை ஒன்றை எழுதியிருக்கிறார். ஊருக்கு ஓர் இடம் வேண்டும், அதில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருக்க வேண்டும். முத்து விற்கிறவன், முத்து வாங்குகிறவன், பாரிஸுக்கு வழித்துணை தேடுகிறவன், வேலையாள் தேடும் எஜமான், எஜமான் தேடும் வேலையாள் என்று எல்லாரும் வந்து பதிந்துவிட்டுப் போகலாம். மெத்தப் படித்த இரண்டு பேர் வறுமையில் வாடிச் செத்ததைச் சொல்லி, சங்கதி தெரிந்திருந்தால் ஆயிரம் பேர் அவர்களைக் கூப்பிட்டு வைத்துக் காப்பாற்றியிருப்பார்களே என்று அங்கலாய்க்கிறார்.

யோசனை பிரமாதம். கட்டணம் எவ்வளவு என்று மட்டும் அப்பாவும் சொல்லவில்லை, பிள்ளையும் கேட்கவில்லை. நிலபுலன் உள்ள குடும்பம். அந்தக் கவலை எதற்கு?

அந்தக் கவலை ஒரு டாக்டருக்கு வந்தது. பெயர் தியோஃப்ராஸ்த் ரெனோதோ. 1586இல் லூதூன் என்ற ஊரில் பிறந்தவர். வைத்தியம் படித்தது மோன்பெல்லியேயில். பாரிஸ் டாக்டர்களுக்கு வெளியூர் டாக்டர் என்றாலே வயிற்றெரிச்சல். போதாக்குறைக்குப் பிறப்பால் புராட்டஸ்டண்ட். பிறகுதான் கத்தோலிக்கராக மாறினார். மூக்கு வேறு சப்பை. அதையும் விட்டுவைக்காமல் எதிரிகள் கிண்டலடித்தார்கள். ஆனால் மனிதரின் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது: நாட்டையே ஆட்டிவைத்த கார்டினல் ரிஷ்லியூ.

1630 வாக்கில், பாரிஸின் நடுவே ஆற்றுத் தீவில், பெரிய சேவல் படம் போட்ட வீட்டில் ரெனோதோ தன் முகவரி அலுவலகத்தைத் திறந்தார். பதிவதற்கு 3 சூ, அதாவது அந்த ஊர்ச் சில்லறைக் காசு. பதிந்திருப்பதைப் பார்த்து விவரம் எடுத்துக்கொள்ளவும் 3 சூ. ஏழைகளுக்கு இலவசம்.

"ஃப்ரீ பிளான்!" என்றான் மச்சினன்.

"ஆமா. அது மட்டுமில்லை. பெண் வீட்டுக்காரன்கிட்டயும் வாங்கு, மாப்பிள்ளை வீட்டுக்காரன்கிட்டயும் வாங்குங்கிற தரகர் தர்மத்தையும் அன்னிக்கே பண்ணிட்டார்."

பதிவானவற்றை அவர் அச்சடித்தும் விட்டார். 1633இல் வந்த ஒரு தாளில் வீடு, நிலம், சாமான் எல்லாவற்றுக்கும் நடுவில் ஓர் இளம் ஒட்டகம் விற்பனைக்கு இருக்கிறது. பாரிஸில். ஒட்டகம். அதுவும் 'நியாயமான விலைக்கு' என்று போட்டிருக்கிறது. எனக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. பாரிஸில் ஒட்டகத்துக்கு எது நியாயமான விலை என்று முடிவு செய்ய இன்னோர் ஒட்டகமாவது அந்த ஊரில் இருக்க வேண்டாமா? அதே தாளில் இன்னொருவர், பதினைந்து நாளில் இத்தாலி கிளம்புகிறேன், வழித்துணை வேண்டும் என்கிறார். அவருக்கு அந்த ஒட்டகத்தைக் காட்டிவிட யாருக்காவது தோன்றியதா? ஒரே தாளில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் போவது டைரக்டரிகளின் பிறவிக் குணம்.

மூன்று சூவில் குடும்பம் நடத்த முடியாது என்று ரெனோதோவுக்குச் சீக்கிரமே புரிந்தது. வருமானம் போதாத ஒவ்வொரு தளக்காரனும் இன்று என்ன செய்கிறானோ அதையே செய்தார்: பக்கத்தில் பக்கத்தில் கடை போட்டார். 1631இல் பத்திரிகை ஆரம்பித்தார். வாராவாரம் சொற்பொழிவுக் கூட்டம் வைத்தார். 1637இல் அடகுக் கடை வைத்தார். கடைசியில் ஏழைகளுக்கு இலவச வைத்திய ஆலோசனை. அங்கேதான் மாட்டினார். அடகு, பத்திரிகை, ஒட்டகம் எதற்கும் வாய் திறக்காத பாரிஸ் வைத்தியர் சங்கம் 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டதும் கச்சை கட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடியது. 1642 கடைசியில் ரிஷ்லியூ கண்ணை மூடினார். அடுத்த வருஷம் ராஜாவும் போனார். 1644இல் தீர்ப்பு ரெனோதோவுக்கு எதிராக வந்தது. பத்திரிகை மட்டும் மிஞ்சியது.

"ஏழைங்களுக்கு ஃப்ரீ கொடுத்ததுக்கா கேஸ்?"

"ஃப்ரீயால யாருக்குக் கல்லா குறையுதோ அவன் போடுவான்பா. நீயும் ஃப்ரீ பிளான் போடுறதுக்கு முன்னாடி ஊர்ல யாருக்கு வயிறு எரியும்னு பாத்துக்கோ."

இங்கிலீஷ்காரன் சும்மா இருப்பானா? 1650இல் ஹென்றி ராபின்சன் என்பவர் லண்டன் திரெட்நீடில் தெருவில் அதே கடையைத் திறந்தார். ஆறு பென்ஸ் கட்டணம், ஏழைகளுக்கு இலவசம். ரெனோதோவை அப்படியே காப்பி. சீக்கிரமே மூடினார்.

1677இல் சாமுவேல் லீ என்ற புத்தக வியாபாரி வேறு பக்கமாக யோசித்தார். ஆட்களைக் கடைக்கு வரச்சொல்லிக் கெஞ்சுவானேன்? லண்டன் வியாபாரிகள் ஏறக்குறைய இரண்டாயிரம் பேரின் பெயரையும் இடத்தையும் தானே திரட்டிப் புத்தகமாகப் போட்டு விற்றுவிட்டார். பெயர் போட்டதற்குக் காசில்லை, படிப்பதற்குக் காசு. அன்று லண்டனில் வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. இன்ன சந்து, இன்ன சத்திரத்துக்குப் பக்கம், இன்ன அடையாளப் பலகை என்றுதான் விலாசம். அதாவது நம் ஊரில் இன்றைக்கும் கூரியர் பையனுக்குச் சொல்லும் விலாசம்: பிள்ளையார் கோவில் எதிர்ச்சந்து, பச்சை கேட்டு, நாய் கட்டியிருக்கும். புத்தகத்தின் கடைசியில், ஜனங்களின் ரொக்கத்தை வாங்கிவைத்துக்கொள்ளும் பொற்கொல்லர்கள் 44 பேரைத் தனிப் பட்டியலாகப் பிரித்துப்போட்டார். வகைவாரியாகப் பிரிக்கிற வேலை அப்போதே துளிர் விட்டாயிற்று. பணம் உள்ளவன் பட்டியல் தனி என்பதையும் கவனிக்கவும்.

அடுத்து வந்தவர்தான் என் செல்லம்: ஹென்றி ஃபீல்டிங். 'டாம் ஜோன்ஸ்' எழுதிய நாவலாசிரியர். லண்டனில் நீதிபதியும் அவரே. அவருடைய தம்பி ஜான் பார்வையற்றவர். பிற்பாடு அவரும் நீதிபதியாகி, குரலை வைத்தே ஆயிரக்கணக்கான திருடர்களை அடையாளம் சொல்வார் என்று பெயர் வாங்கினார். அண்ணன் தம்பி இருவரும் 1750இல் ஸ்ட்ராண்ட் தெருவில் 'சர்வலோகப் பதிவு அலுவலகம்' என்று ஒன்றைத் திறந்தார்கள். வீடு, கடன், வேலையாள், வேலை, வழித்துணை எல்லாம் கிடைக்கும். காலையில் திருடனுக்குத் தண்டனை, மதியம் சமையல்காரனுக்கு வேலை.

விளம்பரத்துக்கு அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? 1751 கடைசியில் வந்த 'அமீலியா' என்ற தன் நாவலுக்குள்ளேயே தன் அலுவலகத்தை நுழைத்துவிட்டார். கதாபாத்திரங்கள் கஷ்டப்படுகிற நேரத்தில் சர்வலோகப் பதிவு அலுவலகம் எட்டிப்பார்க்கிறது. நம் சினிமாவில் கதாநாயகி அழுதுகொண்டே டீத்தூள் பாக்கெட்டின் லேபிளைக் கேமராவுக்குத் திருப்பிப் பிடிப்பாளே, அதற்கு மூல ரிஷி இவர்தான். 1752இல் ஒரு பத்திரிகை ஆரம்பித்து அதிலும் தட்டி கட்டினார். இதற்குள் அவரிடம் வேலை பார்த்தவர் ஒருவரே வெளியே போய்ப் பக்கத்தில் போட்டிக் கடை திறந்தார். இந்தத் தொழிலில் முதலாளியின் ரகசியம் என்பது ஒரு நோட்டுப் புத்தகம் மட்டுமே. அதைப் பிரதி எடுக்க ஒரு ராத்திரி போதும்.

"நம்ம டேட்டாவையும் எடுத்துடுவாங்களா?" என்று மச்சினன் கவலைப்பட்டான். "நீ எங்கேர்ந்து எடுத்தே?" என்றேன். சட்னி கேட்டான்.

அடுத்து மான்செஸ்டர். அந்த ஊரின் முதல் டைரக்டரியை 1772இல் போட்டவர் எலிசபெத் ராஃபல்டு என்ற மிட்டாய்க்கடை அம்மாள். நான் சொல்கிற தொழிலதிபர்களிலேயே புத்தியுள்ளவர் இவர்தான். பெரிய வீட்டில் சமையல் நிர்வாகம் பார்த்தவர், வெளியே வந்து பலகாரக் கடை வைத்தார். கடையிலேயே வேலைக்காரர்களுக்கு வேலை பார்த்துக் கொடுக்கும் ஏஜென்ஸியும் நடத்தினார். 1769இல் சமையல் புத்தகம் எழுதினார். அது பல பதிப்புப் போயிற்று. வீடு வீடாக வேலைக்காரி அனுப்பினவருக்கு ஊரில் யார் எங்கே இருக்கிறார் என்று தெரியாதா? அதைத் தொகுத்துப் போட்டார், டைரக்டரி ஆயிற்று. எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எத்தனை கடன் என்பது நம் தெருப் பால்காரருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த சர்வருக்கும் தெரியாது என்பது என் நீண்டநாள் அபிப்பிராயம்.

மறு வருஷமே எடின்பரோவில் பீட்டர் வில்லியம்சன். இவர் கதையைச் சினிமாவாக எடுத்தால் நம்ப மாட்டார்கள். சிறுவனாக அபர்டீன் துறைமுகத்தில் பிள்ளை பிடிக்கிறவர்களிடம் மாட்டி, கப்பலேற்றப்பட்டு, அமெரிக்காவில் கொத்தடிமையாக விற்கப்பட்டார். பிறகு செவ்விந்தியர்கள் என்னைப் பிடித்துப் போனார்கள், தப்பித்தேன் என்று புத்தகம் எழுதினார். ஊர் திரும்பி, செவ்விந்திய வேஷம் கட்டி ஆடிக்காட்டி, அந்தப் புத்தகத்தை விற்றார். எங்கள் ஊரில் இப்படி நடக்கவே இல்லை என்று அபர்டீன் கனவான்கள் புத்தகத்தைக் கொளுத்தி அவரை விரட்டினார்கள். அவர் எடின்பரோ கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தார். நஷ்டஈடு வந்தது. கோர்ட்டு வளாகத்திலேயே காப்பிக்கடை திறந்தார். வக்கீல், குமாஸ்தா, கட்சிக்காரர் எல்லாரும் வந்து உட்காரும் இடம். யார் எந்தச் சந்தில் குடியிருக்கிறார் என்பது காப்பி ஆற்றும்போதே காதில் விழும். 1773இல் எடின்பரோவின் முதல் டைரக்டரியைப் போட்டார். பட்டியல் இருந்தால் போதுமா என்று கூடவே உள்ளூர்த் தபாலும் ஆரம்பித்தார், கடிதத்துக்கு ஒரு பென்னி. விலாசமும் அவரே, தபால்காரரும் அவரே. சிறு வயதில் தன்னை விலாசமில்லாமல் ஆக்கின உலகத்தை அவர் இப்படிப் பழிவாங்கினார் என்று எழுதினால் விமரிசகர்கள் பாராட்டுவார்கள். எனக்கென்னவோ அவருக்குக் காசு வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்று தோன்றுகிறது.

நம் சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதராஸில் யார் எந்த உத்தியோகத்தில் இருக்கிறார் என்று பார்க்க அசைலம் பிரஸ் பஞ்சாங்கத்தைப் புரட்டுவார்கள். அசைலம் என்றதும் கீழ்ப்பாக்கத்தை நினைக்க வேண்டாம். ஐரோப்பியச் சிப்பாய்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதி அது. அதற்குச் சொந்தமான அச்சகம் அந்தப் பஞ்சாங்கத்தையும் டைரக்டரியையும் போட்டது. ஊர்ப் பெரிய துரைமார்களின் பெயர்களை அனாதை விடுதியின் அச்சகம் அச்சுக்கோத்தது. பெயர்ப் பட்டியலின் அரசியல் நமக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் காசு கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. பெரியப்பாவுக்கு அடுத்து தன் பெயர் வர வேண்டும். அந்த ஆசைக்கு விலை போட முடியும் என்று கண்டுபிடித்தவன்தான் இந்தத் தொழிலில் பணக்காரன் ஆனான்.

லண்டனில் 1830களில் ஃப்ரெடெரிக் கெல்லி என்பவர் தபால்காரர்களுக்கெல்லாம் மேற்பார்வை அதிகாரி. அந்த ஊர் டைரக்டரியின் உரிமை அவர் கைக்கு வந்தது. சம்பளம் அரசாங்கத்துடையது, தபால்காரர்கள் அரசாங்கத்துடையவர்கள், டைரக்டரி மட்டும் சொந்தம். கடிதம் கொடுக்கப் போகிற தபால்காரரே படிவமும் கொடுப்பார், திருத்தம் வாங்குவார், புத்தகத்துக்கு ஆர்டரும் பிடிப்பார். அவருக்குக் கமிஷன். மறுத்துவிட்டு நாளைக் கடிதம் நேரத்தோடு வருமா என்று யோசிக்கிறவன் புத்தகத்தை வாங்கத்தானே செய்வான்? போட்டியாளர்கள் கூச்சல் போட்டார்கள், பார்லிமெண்டு வரை புகார் போயிற்று, 1840களில் தபால்காரர்களை இந்த வேலையிலிருந்து விலக்க வேண்டியதாயிற்று. அதற்குள் கெல்லியின் டைரக்டரி தேசமெங்கும் பேர் வாங்கிவிட்டது.

இனி கடல் தாண்டி அமெரிக்கா. 1878 பிப்ரவரி 21. நியூ ஹேவன் என்ற ஊரில் உலகின் முதல் டெலிபோன் டைரக்டரி வந்தது. ஒரே ஒரு தாள், 50 சந்தாதாரர்கள். எண்களே கிடையாது! ஆப்பரேட்டரிடம் பெயரைச் சொன்னால் போதும். அதே வருஷம் கடைசியில் புத்தகமாக வந்தபோது பேசும் முறைக்குச் சட்டம் போட்டார்கள்: மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசக் கூடாது, அனுமதியில்லாமல் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடக் கூடாது. என் மனைவியும் அவளுடைய அக்காவும் நியூ ஹேவனில் பிறந்திருந்தால் டெலிபோன் அப்போதே செத்திருக்கும். ("யாரைச் சொல்றீங்க?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்ததால் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்தேன்.)

டைரக்டரிக்கு மஞ்சள் நிறம் எப்படி வந்தது? 1883இல் வயோமிங்கில் ஒரு அச்சகத்தில் வெள்ளைத்தாள் தீர்ந்துபோய், கையில் இருந்த மஞ்சள் தாளில் அடித்துவிட்டார்கள் என்று கதை சொல்வார்கள். 1886இல் சிகாகோவின் ரூபன் டானலி அதை முறையான தொழிலாக்கினார். இங்கேதான் நம் கேள்விக்குப் பதில் தலைகீழானது. படிக்கிறவனுக்கு இலவசம்; வாசலிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். கடைக்காரன் பெயர் ஒற்றை வரியில் சின்ன எழுத்தில் வர இலவசம். எழுத்து தடிக்க வேண்டுமானால் காசு. கட்டம் கட்டினால் கூடுதல் காசு. கால் பக்கம், அரைப் பக்கம், வண்ணம் என்று படி ஏற ஏறக் காசு.

"இது திருப்பதிதான் அத்தான்!" என்றான் மச்சினன். "தர்ம தரிசனம், 300 ரூபாய் தரிசனம், அதுக்கு மேல வி.ஐ.பி."

பயல் கெட்டிக்காரன். சாமி ஒன்றுதான், வரிசைதான் விலைக்கு. மஞ்சள் பக்கங்களில் வரிசைக்கும் சட்டம் உண்டு. ஒரே தலைப்பில் பெரிய விளம்பரம் முதலில். ஒரே அளவானால் வருஷம் அதிகமாகக் கட்டினவர் முதலில். ஆகவே பிளம்பர் ஒருவர் ஒரு வருஷம் நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைத்தால் அவருடைய மூப்பு போய்விடும், அடுத்த வருஷம் கடைசிப் பந்தி. இதைவிட உறுதியான சந்தாவை எந்த மென்பொருள் கம்பெனியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பணம் கட்டாமலே மேலே வர ஒரு குறுக்குவழிதான் இருந்தது: பெயர் மாற்றம். அகர வரிசையில் முன்னால் வருவதற்காக ஏ ஒன் பிளம்பர், ஏஏஏ பிளம்பர் என்று ஏக்கள் பெருகின. தமிழில் இந்த ஆட்டம் நடந்திருந்தால் ஆறுமுகம் ஸ்டோர்ஸ் முதல் பக்கம், வேலன் ஸ்டோர்ஸ் கடைசிப் பக்கம். முருகன் என்னவோ ஒருத்தர்தான்.

இந்த மஞ்சள் புத்தகத்துக்கு ஒரு சின்னம் உண்டு: பக்கத்தின் மேல் நடந்து போகிற இரண்டு விரல்கள். ஏ.டி. அண்ட் டி. கம்பெனி அதை ஊரெல்லாம் பரப்பியது. வணிகச் சின்னமாக மட்டும் தனக்கென்று பிடித்துவைத்துக்கொள்ளவில்லை. விளைவு, யார் வேண்டுமானாலும் போடலாம். போட்டார்கள். ஏமாற்றுக்காரர்கள் அந்த விரல்களை மேலே அடித்து, 'உங்கள் டைரக்டரிக் கட்டணம் பாக்கி' என்று கடைகளுக்குப் போலி பில் அனுப்பினார்கள். பில் மாதிரி இருந்தால் கட்டிவிடுகிற கணக்குப்பிள்ளை எல்லா ஆபீஸிலும் ஒருவர் இருக்கிறாரே! டைரக்டரியே இல்லாமல் டைரக்டரிச் சந்தா வசூலித்தவர்கள் இவர்கள். லாப விகிதத்தில் இவர்களை மிஞ்ச ஆளில்லை.

1994இல் ஸ்டான்ஃபோர்டில் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்று இரண்டு பேர், ஆராய்ச்சிப் படிப்பை முடிக்க வேண்டிய நேரத்தில் தங்களுக்குப் பிடித்த இணையத் தளங்களைப் பட்டியல் போட்டார்கள். அது யாஹூ ஆயிற்று. ஆட்களை வைத்து ஒவ்வொரு தளமாகப் பார்த்துச் சேர்த்தார்கள். மனுப் போட்டவர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். கூட்டம் நின்றால் டிக்கெட் போட வேண்டியதுதானே? 1999இல் 199 டாலர் திட்டம் வந்தது. என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். ஏழு வேலை நாட்களுக்குள் உங்கள் தளத்தைப் பார்ப்போம். சேர்ப்போம் என்று சொல்லவில்லை, பார்ப்போம். பிடிக்காவிட்டால் சேர்க்க மாட்டோம், காசும் திரும்ப வராது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பஜ்ஜி சொஜ்ஜிச் செலவு மாதிரி. 2001இல் அதுவும் மாறியது: 299 டாலர், வருஷா வருஷம். ஆபாசத் தளங்களுக்கு மட்டும் 600. பார்க்கிறவருக்கு மனக்கஷ்டப் படி போலிருக்கிறது.

லுக்ஸ்மார்ட் என்று இன்னொரு டைரக்டரி. ஒருமுறை கட்டினால் போதும் என்று பலரிடம் வாங்கிக்கொண்டு, 2002இல் இனி ஒவ்வொரு கிளிக்குக்கும் 15 சென்ட் என்றது. ஏற்கெனவே கட்டினவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ரெனோதோ காலத்திலிருந்து கோர்ட்டு இந்தக் கதையில் நிரந்தர நடிகர்.

இடையில் பில் கிராஸ் என்பவர் 1998இல் கோடூ என்ற தேடுதளத்தில் பிளானையே தூக்கிப்போட்டுவிட்டார். யார் அதிகம் தருகிறாரோ அவர் மேலே. கிளிக்குக்கு ஒரு சென்ட்டிலிருந்து ஏலம். கோவில் முதல் மரியாதையைப் பகிரங்க ஏலம் விட்டது மாதிரி. சீச்சீ என்றார்கள். ஐந்து வருஷம் கழித்து ஓவர்ச்சர் என்று பெயர் மாறியிருந்த அந்தக் கம்பெனியை யாஹூ சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கியது. பட்டியல் போட்டுக் காசு பண்ண முயன்ற யாஹூ டைரக்டரி 2014 டிசம்பரில் மூடப்பட்டது.

இட்லி தீர்ந்தது. மச்சினன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"அத்தான், நடுவுல இருக்கிற பிளானைத்தான் எல்லாரும் வாங்குவாங்களாமே?"

"நடுவுல இருக்கிறதைச் சும்மாவே வெச்சவங்களும் இருக்காங்க. எகனாமிஸ்ட் பத்திரிகை ஒரு தடவை மூணு சந்தா போட்டுச்சு. இணையத்துல மட்டும் 59 டாலர், அச்சு மட்டும் 125, ரெண்டும் சேர்த்து 125. டான் ஏரியலின்னு ஒரு பேராசிரியர் அதை 100 மாணவர்கள்கிட்ட காட்டினார். நடுவுல இருந்ததை ஒருத்தன்கூட எடுக்கலை. 84 பேர் கடைசியை எடுத்தாங்க. நடுவுல இருந்ததை அழிச்சிட்டுக் காட்டினா, 68 பேர் 59 டாலருக்குப் போய்ட்டாங்க."

"அப்ப யாருமே வாங்காத பிளான்தான் வேலை செய்யுது."

"கல்யாண வீட்டுல நம்ம தாய்மாமா மாதிரி."

மறுநாள் இருவரும் கடைத்தெருவுக்குப் போனோம். சில்வர், கோல்டு, டயமண்டு என்று மூன்று கட்டம் போட்ட வழவழப்புத் தாள். முதல் கடை ஒரு மிட்டாய்க் கடை. ராஃபல்டு அம்மாள் ஞாபகமாக நான்தான் தேர்ந்தெடுத்தேன். முதலாளி கண்ணாடி போட்டுக்கொண்டு தாளை முழுக்கப் படித்தார். திருப்பி, பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்றும் பார்த்தார்.

"தம்பி, என் கடை எங்க இருக்குன்னு ஊருக்கே தெரியும். எனக்கு இதெல்லாம் வேணாம். எதிர்க்கடைக்காரன் பேரு இதுல வரக் கூடாது. அதுக்கு எவ்வளவு?"

நானும் சிரித்தேன், மச்சினனும் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. நூறு கிராம் அல்வா கொடுத்து அனுப்பிவைத்தார்.

அன்று ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது.

"அத்தான், அமெரிக்காவுல யெல்ப்னு ஒரு டைரக்டரி இருக்கு. அதுல காசு கட்டினா உங்க கடைப் பக்கத்துல போட்டிக் கடை விளம்பரம் வராதாம். நெசமாவே இருக்கு அத்தான் அந்த பிளான்!"

"சரி."

"நாலாவதா அதையும் போட்டுடறேன். நம்ம ஸ்வீட் ஸ்டால்காரர்கிட்டயும் சொல்லிடறேன், எதிர்க்கடைக்காரர்கிட்டயும் சொல்லிடறேன். ஆனா ரேட் என்ன போடறதுன்னுதான் தெரியலை. ஊர்ல இதுக்கு முன்னாடி யாரும் வித்ததில்லையே."

"நியாயமான விலைன்னு போடு" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.